வானியலில் முனைவர் பட்டம்: ஆய்வின் இயல்பும் அதில் சேரும் வழியும்

தமிழ்நாட்டில் ஒரு மாவட்டக் கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு படிப்பதாகவும், அங்கே வானியல் விருப்பப் பாடமாகக்கூட இல்லை என்றும், பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழ் வழியில் முடித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். வானியலில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்வது எப்படி, அந்த ஐந்தாறு ஆண்டுகளில் உண்மையில் என்ன செய்ய வேண்டியிருக்கும், பட்டம் பெற்ற பின் வேலை கிடைக்குமா என்பவை உங்கள் கேள்விகள். இந்தத் துறையில் ஆய்வு செய்தவன் என்ற முறையிலும், பல மாணவர்கள் ஆய்வேட்டை எழுதி முடிப்பதை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையிலும் பதில் எழுதுகிறேன். இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். செய்யப்போகும் வேலை இன்னதென்று தெரிந்தால்தான் அதற்காக நுழைவுத் தேர்வுக்குப் படிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும்.

வானியல் ஆய்வாளர் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்ப்பதில்லை. பெரிய தொலைநோக்கிகளில் கண் வைப்பதற்கான இடமே இருப்பதில்லை. ஒளி ஒரு கருவிக்குள் விழுகிறது, கருவி எண்களைத் தருகிறது. லடாக்கில் ஹன்லே என்னுமிடத்தில் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் இரண்டு மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கியை, பெங்களூருக்கு அருகிலுள்ள ஒசகோட்டையிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாகவே இயக்குகிறார்கள். ஆய்வு மாணவரின் பெரும்பாலான நாட்கள் கணினித் திரையின் முன்னால் கழியும். வந்த எண்களில் எவ்வளவு விண்மீனுடையது, எவ்வளவு வளிமண்டலத்துடையது, எவ்வளவு கருவியின் குறை என்று பிரித்தறிவதே அந்த நாட்களின் வேலை. இதில் உங்களுக்கு ஈடுபாடு வருமா என்பதைத்தான் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். கருந்துளைகளைப் பற்றிப் படிப்பதில் உள்ள மகிழ்ச்சி வேறு, கருந்துளையின் அருகிலிருந்து வந்த எக்ஸ் கதிர்த் தரவில் பின்னணி இரைச்சலைக் கழிக்கும் வேலையில் உள்ள மகிழ்ச்சி வேறு. முன்னது உள்ளவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஐந்தாண்டுகளைத் தாக்குப்பிடிக்க வைப்பது பின்னதுதான்.

இதைப் பொதுவாகச் சொன்னால் விளங்காது என்பதால் ஓர் எடுத்துக்காட்டை விரிவாகவே சொல்கிறேன். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் கையா விண்கலம் 2022 ஜூன் மாதத்தில் வெளியிட்ட மூன்றாம் தரவுத்தொகுப்பில் சுமார் 180 கோடி பொருள்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 146 கோடிக்கு இடமாறு தோற்றம் அளக்கப்பட்டிருக்கிறது. பூமி சூரியனைச் சுற்றும்போது அருகிலுள்ள விண்மீன் தொலைவிலுள்ளவற்றின் பின்னணியில் சற்றே இடம்பெயர்வதுபோல் தெரியும் அல்லவா, அந்தக் கோணம்தான் இது. கோணத்தை வில்விநாடியில் (ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கு) எழுதி, ஒன்றை அதனால் வகுத்தால் தொலைவு பார்செக்கில் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) கிடைக்கும் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். தரவைப் பதிவிறக்கிப் பார்க்கும் மாணவர் முதல் நாளே ஒரு விந்தையைக் காண்பார்: ஏராளமான விண்மீன்களுக்கு இடமாறு தோற்றம் எதிர்மறை எண்ணாக இருக்கும். எதிர்மறைத் தொலைவு என்று ஒன்று கிடையாது. அவற்றை நீக்கிவிட்டு மற்றவற்றைக் கொண்டு கணக்கைத் தொடரலாம் என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும்.

அப்படி நீக்கினால் ஆய்வே கெட்டுப்போகும். 10,000 பார்செக் தொலைவிலுள்ள விண்மீனின் உண்மையான கோணம் வில்விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மங்கலான விண்மீன்களுக்குக் கையாவின் அளவீட்டுப் பிழை அதைவிடப் பெரியது. ஆகவே அளந்த மதிப்பு உண்மையான மதிப்பின் இரு பக்கமும் சிதறும்போது, ஒரு பகுதி சுழிக்குக் கீழே போவது இயல்பு. கீழே போனவற்றை மட்டும் எறிந்தால் மேலே சிதறியவை எஞ்சுகின்றன, அதனால் தொலைவிலுள்ள விண்மீன் கூட்டம் முழுவதும் உண்மையில் இருப்பதைவிட அருகிலிருப்பதாகக் கணக்கு காட்டும். எறியாமல் வைத்துக்கொண்டாலும், பிழை பெரிதாக இருக்கும்போது ஒன்றை அந்தக் கோணத்தால் வகுப்பதும் தவறான விடையையே தரும். விண்மீன்கள் வெளியில் எப்படிப் பரவியிருக்கக்கூடும் என்ற முன்னறிவையும் சேர்த்து நிகழ்தகவு முறையில் தொலைவைக் கணிக்க வேண்டும்.

இதோடும் முடிவதில்லை. பல நூறு கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள, குவாசார் எனப்படும் மிக ஒளிமிக்க விண்மீன் மண்டல மையங்களுக்கு இடமாறு தோற்றம் சுழியாகவே இருக்க வேண்டும். ஆனால் இதே தரவுத்தொகுப்பில் அவற்றின் நடு மதிப்பு வில்விநாடியின் பத்து இலட்சத்தில் சுமார் 17 பங்கு எதிர்மறையாக வருகிறது. அதாவது அளவுகோலின் தொடக்கப் புள்ளியே சற்று நகர்ந்திருக்கிறது. இந்த நகர்வு விண்மீனின் நிறம், ஒளிர்வு, வானில் அது இருக்கும் இடம் ஆகியவற்றைப் பொறுத்து மாறவும் செய்கிறது. சிறிய எண்தானே என்று விட்டுவிட முடியாது, ஏனென்றால் செபீட் என்னும் மாறும் விண்மீன்களின் தொலைவை அளந்து, அதிலிருந்து படிப்படியாக ஏறி, பேரண்டம் விரியும் வேகத்தைக் கணக்கிடுபவர்களுக்கு இந்த நகர்வு நேரடியாக விடையில் வந்து சேர்கிறது. ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டின் முழு அத்தியாயமே இத்தகைய ஒரு திருத்தத்தைப் பற்றியதாக இருக்கக்கூடும். இந்தப் பத்திகளைப் படிக்கும்போது சலிப்புக்கு மாறாக ஒரு துடிப்பு ஏற்பட்டிருந்தால், இத்துறை உங்களுக்கு ஏற்றது என்று தயங்காமல் சொல்வேன்.

தான் கண்டதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தானே முடிவு செய்யக் கற்றுக்கொள்வதுதான் முனைவர் பட்டத்தின் உட்பொருள் என்று நான் நினைக்கிறேன். மாணவர்கள் செய்த பெரிய கண்டுபிடிப்புகளின் வரலாறும் அதையே காட்டுகிறது. 1967-இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல், குவாசார்களின் ரேடியோ மினுமினுப்பை ஆராய்வதற்காக, நாளொன்றுக்குச் சுமார் முப்பது மீட்டர் நீளத்துக்கு வந்து விழுந்த பதிவுத்தாளைக் கண்ணாலேயே பார்த்து வந்தார். அதில் சிறிதளவே இடத்தை அடைத்த ஒரு கிறுக்கல், மனிதர் உண்டாக்கும் குறுக்கீட்டைப் போலவும் இல்லை, குவாசாரைப் போலவும் இல்லை. அது விண்மீன்களோடு சேர்ந்தே ஒவ்வொரு நாளும் சுமார் நான்கு நிமிடம் முன்னதாக வருவதைக் கவனித்து, வேகமாக ஓடும் பதிவுக்கருவியை வைத்துப் பார்த்தபோது 1.34 விநாடிக்கு ஒரு துடிப்பு தெரிந்தது. பல்சர் எனப்படும், துடிப்புகளை அனுப்பியபடி சுழலும் நியூட்ரான் விண்மீன்களில் முதலில் கண்டறியப்பட்டது அதுதான். 1974-இல் நோபல் பரிசு அவருடைய நெறியாளர் ஆன்டனி ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போயிற்று, பெல்லுக்கு இல்லை. இந்த அநீதியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு, ஆனால் இங்கே அது பேச்சு இல்லை.

ஜெனீவாவில் திதியே கெலோ செய்ததும் இதே வகையானது. பிரான்சின் ஓத் புரோவான்ஸ் வானாய்வகத்தில் ஒரு புதிய நிறமாலைமானியைக் கொண்டு தன் ஆய்வுக்காக விண்மீன்களின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். 51 பெகாசி என்னும் விண்மீனின் வேகம் நாலேகால் நாளுக்கு ஒருமுறை விநாடிக்கு ஐம்பது அறுபது மீட்டர் அளவுக்குக் கூடிக் குறைந்ததைக் கண்டதும், தான் எழுதிய நிரலில் ஏதோ பிழை என்றுதான் அவர் முதலில் எண்ணினார். நெறியாளர் மிஷேல் மேயோர் அப்போது ஹவாயில் இருந்தார். மாதக்கணக்கில் பிழையைத் தேடி, அது இல்லையென்று தெளிந்து, அந்த விண்மீன் சூரியனுக்குப் பின்னாலிருந்து வெளிவந்த 1995 ஜூலையில் மீண்டும் அளந்தபோது, முன்கூட்டியே கணித்த இடத்தில் வேகம் வந்து நின்றது. சூரியனைப் போன்ற விண்மீனைச் சுற்றும் கோள் ஒன்று, தன் ஈர்ப்பால் அந்த விண்மீனை அசைப்பதைக் கொண்டு முதன்முதலாகக் கண்டறியப்பட்ட கதை இது. 2019-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இவற்றுக்கு மாறான ஒரு வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாகா 1920-இல் வெளியிட்ட அயனியாக்கச் சமன்பாட்டை விண்மீன் நிறமாலைகளுக்குப் பொருத்தி, 1925-இல் ஹார்வர்டில் ஆய்வேடு எழுதிய சிசிலியா பெய்ன், விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்ற முடிவுக்கு வந்தார். அக்காலத்தின் பெரும் அறிஞரான ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் அது சாத்தியமே இல்லை என்றார். பெய்ன் தன் ஆய்வேட்டில் அந்த முடிவு உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்று தானே எழுத நேர்ந்தது. நான்கே ஆண்டுகளில் ரஸ்ஸல் வேறு வழியில் அதே முடிவை அடைந்தார். உங்கள் அளவீட்டை நீங்கள் எல்லாப் பக்கமும் சோதித்து முடித்த பிறகு, பெரியவர் ஒருவர் சொன்னார் என்பதற்காக அதைக் கைவிடத் தேவையில்லை. அதே வேளையில் சோதிக்காமல் பிடிவாதம் பிடிப்பதற்கும் உரிமையில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பதற்கான துணிவு வகுப்பறையில் வருவதில்லை, ஆய்வின் மூன்றாம் நான்காம் ஆண்டுகளில்தான் வருகிறது.

இனி, சேர்வது எப்படி என்ற கேள்வி. உங்கள் கல்லூரியில் வானியல் பாடம் இல்லாதது ஒரு தடையே இல்லை. இந்தியாவில் இத்துறைக்கு வருபவர்களில் மிகப் பலர் இயற்பியல் மட்டும் படித்து வந்தவர்களே; நுழைவுத் தேர்வும் நேர்முகத் தேர்வும் சோதிப்பது இயற்பியலைத்தான். ஜெஸ்ட் எனப்படும் கூட்டு நுழைவுத் தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம், இராமன் ஆய்வு நிறுவனம், நைனிடாலின் ஏரீஸ் வானியல் ஆய்வு நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடம், சென்னை கணித அறிவியல் நிறுவனம் முதலிய பல இடங்கள் அதன் மதிப்பெண்ணைக் கொண்டு நேர்முகத்துக்கு அழைக்கின்றன. புனேயில் ஐயூகா எனப்படும் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான வானியல், வானியற்பியல் மையமும் தேசிய ரேடியோ வானியற்பியல் மையமும் சேர்ந்து ஐநாட் என்ற தனித் தேர்வை நடத்துகின்றன. இவற்றுடன் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட், கேட் ஆகிய இரண்டு தேசியத் தேர்வுகளையும் எழுதிவிடுங்கள். பல்கலைக்கழகங்களிலும் ஐ.ஐ.டி.களிலும் சேர அவை உதவும். இளநிலை ஆய்வு உதவித்தொகை கையிலிருந்தால் எங்கு விண்ணப்பித்தாலும் வழி எளிதாகும். எந்த நிறுவனம் எந்தத் தேர்வை ஏற்கிறது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. ஆகவே அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பையே பாருங்கள், யார் சொன்னதையும் நம்பாதீர்கள், நான் சொன்னதையும் சேர்த்துத்தான்.

நேர்முகத் தேர்வைப் பற்றிச் சற்று அதிகமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து வரும் நல்ல மாணவர்கள் தடுமாறும் இடம் அதுதான். அங்கே வரையறைகளைக் கேட்பதில்லை. ஒரு விண்மீன் ஆற்றலை இழந்தால் அதன் வெப்பநிலை கூடுமா குறையுமா என்று கேட்பார்கள். குறையும் என்றுதான் உடனே சொல்லத் தோன்றும். ஈர்ப்பால் பிணைந்த அமைப்பில் மொத்த ஆற்றல் எதிர்மறையானது, இயக்க ஆற்றல் அதன் அளவுக்குச் சமமானது, ஆகவே ஆற்றலை இழந்து சுருங்கும் விண்மீன் மேலும் சூடாகும் என்பதை விரியல் தேற்றத்திலிருந்து கரும்பலகையில் வருவித்துக் காட்ட வேண்டும். விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பரிமாணப் பகுப்பாய்விலிருந்து தொடங்கி, வாய்விட்டுச் சிந்தித்து, தவறான திசையில் போனால் தேர்வாளர் கொடுக்கும் குறிப்பைப் பிடித்துத் திரும்புகிறீர்களா என்றே பார்க்கிறார்கள். செவ்வியல் இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம் இயக்கவியல், புள்ளியியல் இயற்பியல் ஆகிய நான்கிலும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நல்ல நூலை எடுத்து, பயிற்சிக் கணக்குகளை ஒன்றுவிடாமல் நீங்களே செய்து பாருங்கள். முந்தைய ஆண்டு வினாத்தாள்களை மட்டும் சுற்றிச் சுற்றிப் படிப்பது எழுத்துத் தேர்வைத் தாண்ட உதவலாம், அடுத்த அறையில் உதவாது.

தமிழ் வழிப் படிப்பைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். நேர்முகத்தில் ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் சமன்பாடு சரியாக வந்தால் யாரும் குறை காண்பதில்லை. ஆனால் ஆய்வுக் கட்டுரையை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், ஆகையால் இப்போதிருந்தே வாரம் ஒரு பக்கமாவது படித்ததைச் சுருக்கி ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். பேச்சு தானாக வந்துவிடும், எழுத்து அப்படி வராது.

கணினி நிரல் எழுதும் திறமை இன்று இயற்பியலுக்கு அடுத்த இன்றியமையாத தேவை. பைத்தான் மொழியும் அதில் வானியலுக்கென்று உள்ள ஆஸ்ட்ரோபை நூலகமும் இலவசம், லினக்ஸ் இலவசம், கையாவின் தரவும் இலவசம். உங்கள் கல்லூரியில் தொலைநோக்கி இல்லாவிட்டாலும், ஒரு மடிக்கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் பிளையடிஸ் என்னும் கார்த்திகைக் கூட்டத்தின் விண்மீன்களைக் கையா தரவிலிருந்து பிரித்தெடுத்து, அவற்றின் நிறத்தையும் ஒளிர்வையும் வரைபடமாக்கி, எவை உண்மையான உறுப்பினர்கள், எவை வழியில் குறுக்கிடும் வேறு விண்மீன்கள் என்று தீர்மானிக்கும் வேலையை நீங்களே செய்யலாம். எம்.எஸ்சி. இரண்டாமாண்டுத் திட்ட வேலையாக இதைக் கேட்டுப் பெறுங்கள். முடிவு புதிதாக இல்லாவிட்டாலும், அதைச் செய்த மாணவரிடம் நேர்முகத்தில் பேசும்போது வேறுபாடு உடனே தெரியும்.

எந்த நிறுவனம் என்பதைவிட எந்த நெறியாளர், எந்தச் சிக்கல் என்பதே பெரிது என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் நிறுவனங்களின் இயல்பை ஓரளவு தெரிந்துகொள்வது நல்லது. கட்புலனாகும் ஒளியிலும் சூரியனிலும் ஈடுபாடு இருந்தால் இந்திய வானியற்பியல் நிறுவனம் இயல்பான இடம். 1899-இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய வானாய்வகமும், ஜவ்வாது மலையில் காவலூரிலுள்ள வைணு பாப்பு வானாய்வகமும் அதனுடையவை. 2023-இல் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முதன்மைக் கருவியான சூரிய ஒளிவளைய வரைவியும் அங்கேதான் உருவாயிற்று. அங்கு ஆய்வு செய்வோருக்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்குகிறது. ரேடியோ அலைகள் என்றால் தேசிய ரேடியோ வானியற்பியல் மையம். 45 மீட்டர் விட்டமுள்ள முப்பது அலைவாங்கிகளைக் கொண்ட புனே அருகிலுள்ள மாபெரும் மீட்டரலை ரேடியோ தொலைநோக்கியும், நம் உதகையில் 530 மீட்டர் நீளத்துக்கு மலைச்சரிவில் கிடக்கும் தொலைநோக்கியும் அதன் பொறுப்பில் உள்ளன. உதகைத் தொலைநோக்கியைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை: அந்தச் சரிவின் சாய்வு உதகையின் அட்சரேகையான ஏறத்தாழ 11 பாகைக்குச் சமமாக இருக்கும்படி தேர்ந்தெடுத்ததால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது, அதை ஒரே அச்சில் சுழற்றினாலே ஒரு பொருளைப் பல மணி நேரம் தொடர முடியும். ரேடியோ வானியலாளர் கோவிந்த் சுவரூப் தலைமையில் 1970-இல் அது செயல்படத் தொடங்கியது.

ஈர்ப்பலைகள், அண்டவியல், விண்மீன் மண்டலங்கள் ஆகியவற்றுக்கு ஐயூகா பெயர் பெற்றது. ஈர்ப்பலைக் கோட்பாட்டில் சென்னைக் கணிதக் கழகத்திலும் கணித அறிவியல் நிறுவனத்திலும் நல்ல பணி நடந்திருக்கிறது. கருவிகளைக் கட்டுவதில் கை பழகியவராக இருந்தால் அதற்கும் இடமுண்டு. பொறியியல் படித்தவர்கள் பலர் அவ்வழியில் வருகிறார்கள்.

பெரும்பாலான நிறுவனங்களில் முதலாண்டு முழுவதும் பாடங்கள் நடக்கும். கதிர்வீச்சுக் கடப்பு, விண்மீன் அமைப்பு, விண்மீன் மண்டல இயக்கவியல், பொதுச் சார்பியல், வானியல் நுட்பங்கள் என்று அவை போகும். அவற்றோடு சிறு ஆய்வுத் திட்டங்களையும் தருவார்கள். நெறியாளரைத் தேர்ந்தெடுப்பது அதன் பிறகுதான். அந்த ஓராண்டை வீணாக்காதீர்கள். நீங்கள் கருதும் நெறியாளரிடம் ஏற்கெனவே ஆய்வு செய்யும் மாணவர்களைத் தனித்தனியே சந்தித்து, அவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை பேச நேரம் தருகிறார், எழுதிக் கொடுத்த வரைவைப் படித்துத் திருப்பித் தர எவ்வளவு காலம் எடுக்கிறார், அவரிடம் பயின்று சென்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். புகழ் பெற்றவர் ஆனால் ஆண்டில் பாதி நாள் வெளிநாட்டில் இருப்பவர், இளம் ஆய்வாளர் ஆனால் வாரந்தோறும் உடனிருந்து கணக்குப் பார்ப்பவர் என்ற இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், தொடக்க நிலை மாணவருக்கு இரண்டாமவரையே நான் பரிந்துரைப்பேன். முதல் ஆய்வுத் தலைப்பு, தரவு ஏற்கெனவே கையில் இருக்கும் ஒன்றாக இருப்பதும் நல்லது. இன்னும் ஏவப்படாத விண்கலத்தை நம்பி ஆய்வேட்டைத் திட்டமிட்டவர்கள், ஏவுதல் தள்ளிப்போகத் தள்ளிப்போகத் தலைப்பை மாற்ற வேண்டிய நிலைக்கு ஆளாகியிருக்கிறார்கள்.

தொலைநோக்கி நேரமும் கேட்டவுடன் கிடைப்பதில்லை. எந்தப் பொருளை, எதற்காக, எத்தனை மணி நேரம் நோக்க வேண்டும், அவ்வளவு நேரம் ஏன் போதும் என்று கணக்கிட்டு முன்மொழிவு எழுத வேண்டும். ஒரு குழு அவற்றைத் தரப்படுத்தி நேரத்தைப் பங்கிடும். மாபெரும் மீட்டரலைத் தொலைநோக்கிக்கு ஆண்டுக்கு இருமுறை இவ்வாறு முன்மொழிவுகள் பெறப்படுகின்றன. நேரம் கிடைத்த இரவில் மேகம் மூடினால் அடுத்த பருவம் வரை காத்திருக்க நேரும், மழைக்காலத்தில் நம் நாட்டு ஒளியியல் வானாய்வகங்களில் பணி பெரும்பாலும் நின்றுவிடும். ஆகவே ஒரே இலக்கை மட்டும் நம்பியிருக்காமல், ஆவணக் காப்பகங்களில் உள்ள பழைய தரவைக் கொண்டு செய்யக்கூடிய இரண்டாவது வேலை ஒன்றையும் இணையாக வைத்திருப்பவர்கள்தான் காலத்தில் முடிக்கிறார்கள்.

பணத்தைப் பற்றிக் கேட்கத் தயங்கியிருப்பீர்கள், ஆனால் அது தெரிய வேண்டியதுதான். நெட் போன்ற தேசிய அளவிலான இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மதிப்பீட்டில் தேறினால் முதுநிலை உதவித்தொகை 42,000 ரூபாய். விடுதி தராத இடங்களில் வீட்டு வாடகைப் படியும் உண்டு. வானியல் நிறுவனங்கள் தாமாகச் சேர்த்துக்கொள்ளும் மாணவர்களுக்கும் ஏறத்தாழ இதே அளவில் கொடுக்கின்றன. தனி ஒருவருக்கு இது போதும். வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பொறுப்பு உள்ளவருக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். உதவித்தொகை ஐந்தாண்டுகளில் முடிவதும் ஆய்வு முடியாமலிருப்பதும் ஒன்றாக நேர்வது அரிதல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி சேர்ந்த நாளிலிருந்து ஆறாண்டுகளுக்குள் முடிக்க வேண்டும், மறுபதிவு செய்து மேலும் இரண்டாண்டு பெறலாம். பெண்களுக்கும் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கும் மேல் இரண்டாண்டு சலுகை உண்டு, பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பும் உண்டு. திருமணத்தையோ குழந்தையையோ காரணமாகக் காட்டி, ஆய்வு வேண்டாம் என்று ஒரு பெண்ணிடம் சொல்பவர்களுக்கு இந்த விதி தெரிந்திருப்பது நல்லது.

வெளிநாடு செல்ல எண்ணினால், அமெரிக்கா ஒரு வகை, ஐரோப்பா வேறு வகை. அமெரிக்காவில் பாடங்களும் ஆய்வும் சேர்ந்து ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் ஆகும்; முன்பு கட்டாயமாக இருந்த இயற்பியல் ஜி.ஆர்.இ. தேர்வைப் பல வானியல் துறைகள் கைவிட்டுவிட்டன, ஆகவே பரிந்துரைக் கடிதங்களும் செய்த ஆய்வு அனுபவமும் முன்னைவிட எடை கூடியுள்ளன. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் எம்.எஸ்சி. முடித்தவரை மூன்று நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில், ஒரு குறிப்பிட்ட ஆய்வுத் திட்டத்துக்காக, சம்பளம் பெறும் பணியாளராகவே எடுக்கிறார்கள். காலம் குறைவு என்பதால் முதல் மாதத்திலேயே வேலை தொடங்கிவிடும், தலைப்பை மாற்றிக்கொள்ள அதிக இடமிராது. என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்பது ஏற்கெனவே தெளிவாக இருந்தால் ஐரோப்பா, இன்னும் தேட வேண்டியிருந்தால் இந்தியா அல்லது அமெரிக்கா என்பது என் ஆலோசனை.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். நிரந்தர ஆய்வுப் பணிகள் குறைவு. பட்டத்துக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டுகள் வீதம் ஒன்றிரண்டு, சில வேளைகளில் மூன்று இடங்களில் முதுமுனைவர் ஆய்வாளராகப் பணியாற்றிய பின்னரே பெரும்பாலோர் நிரந்தரப் பணிக்குப் போட்டியிடுகிறார்கள், அப்போது வயது முப்பதுகளின் நடுவைத் தொட்டிருக்கும். பட்டம் பெற்ற எல்லோருக்கும் அந்த இடம் கிடைப்பதில்லை. இதைச் சேருவதற்கு முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள். அதே வேளையில், பிழையோடு வரும் பெருந்தரவைக் கையாளப் பழகியவருக்குத் தரவு அறிவியல், மருத்துவப் படிமவியல், நிதித்துறைக் கணிப்பு, விண்வெளித் துறை என்று வெளியே கதவுகள் திறந்தே இருக்கின்றன. அப்படிச் சென்றவர்களைத் தோற்றவர்களாகப் பார்க்கும் மனப்பான்மை நம் நிறுவனங்களில் இன்னும் மறையவில்லை, அது மறைய வேண்டும். கல்லூரி ஆசிரியராகச் செல்பவர்களும் ஆய்வைத் தொடர வழியுண்டு. பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர்களை வருகைதரு இணை ஆய்வாளர்களாக ஐயூகா ஏற்றுக்கொள்கிறது, அவர்கள் விடுமுறைகளில் சென்று அங்குள்ள வசதிகளைப் பயன்படுத்தலாம்.

இந்தியாவில் வரும் ஆண்டுகளுக்கான வேலையும் கண்முன்னே இருக்கிறது. மகாராட்டிரத்தின் இங்கோலி மாவட்டத்தில் அமையவுள்ள லைகோ ஈர்ப்பலை ஆய்வகத்துக்கு 2023-இல் நடுவண் அரசு சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கட்டப்பட்டுவரும் சதுர கிலோமீட்டர் அணித் தொலைநோக்கியில் சுமார் 1,250 கோடி ரூபாய்ப் பங்களிப்புடன் இந்தியா சேர்ந்துள்ளது. இவற்றின் தரவு பெருகும் காலத்தில்தான் நீங்கள் ஆய்வேட்டை முடித்து வெளிவருவீர்கள்.

இந்த ஆண்டிலேயே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஐயூகா, தேசிய ரேடியோ வானியற்பியல் மையம், இந்திய வானியற்பியல் நிறுவனம் ஆகியவை கோடை விடுமுறையில் மாணவர்களை அழைத்து ஆய்வுப் பயிற்சி தருகின்றன. விண்ணப்ப அறிவிப்புகள் கோடைக்குப் பல மாதங்கள் முன்னரே வந்துவிடும், எம்.எஸ்சி. முதலாண்டு மாணவர்கள் அவற்றுக்குப் பொருத்தமானவர்கள். அதில் இடம் கிடைக்காவிட்டால் ஆய்வாளர்களுக்குத் தனியே மின்னஞ்சல் எழுதுங்கள். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள். மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றை முழுமையாகப் படித்து, அதில் உங்களுக்கு விளங்காத ஓர் இடத்தைக் குறிப்பிட்டு, நீங்கள் எழுதிய நிரல் ஏதேனும் இருந்தால் அதையும் இணைத்து, பத்து வரிக்குள் எழுதுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். கார்த்திகைக் கூட்டத்தின் வரைபடத்தை அதற்குள் முடித்துவிட்டிருந்தால் அதையே இணையுங்கள், எதிர்மறை இடமாறு தோற்றங்களை என்ன செய்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.